விருந்தாளி வந்தால் போகலாம்

பேரன்புள்ள பெர்னிஸ் அத்தைக்கு,

அண்ணன் மகள் வாண்டா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம் என்று தொடங்குவதுதான் மரியாதை; ஆகவே தொடங்கிவிட்டேன். அரிசோனா வெயிலில் நீங்களும் உங்கள் முழங்கால்களும் சுகமென்று நம்புகிறேன். வரும் ஞாயிறன்று அப்பாவை உங்களிடம் கொண்டுவந்து விடுகிற ஏற்பாட்டில் மாற்றமில்லை. வீட்டை வாங்குகிறவர் வந்து ஜன்னல்களைக்கூட அளந்துவிட்டுப் போய்விட்டார், கையெழுத்துதான் பாக்கி.

கிளம்புவதற்குள் அவருக்கு ஊரைச் சுற்றிக் காட்டச் சொன்னீர்கள். சிகாகோவில் பிறந்து, ஆயுசெல்லாம் இங்கே பஸ் ஓட்டியவருக்கு ஊரை எப்படிச் சுற்றிக் காட்டுவது என்று நீங்கள் சொல்லவில்லை. அந்த உயரமான கோபுரத்தின் வாசலில் லட்சம் பேரை இறக்கிவிட்டிருப்பார், தான் ஒருநாளும் ஏறியதில்லை. "அதெல்லாம் வெளியூர்க்காரங்களுக்கும்மா, யாராவது விருந்தாளி வந்தா போவோம்" என்பார். இங்கே எல்லா வீட்டிலும் அதுதானே வழக்கம். ஏரிக்கரைத் துறையில் நிற்கும் பெரிய ராட்டினத்தில் ஒருமுறை ஏறவேண்டும் என்று அம்மா கேட்டபோதெல்லாம், "பெர்னிஸ் வரட்டும் ஐரீன், எல்லாரும் சேர்ந்து போலாம்" என்றார். நீங்கள் வரவில்லை. குற்றமாகச் சொல்லவில்லை. கடைசியாக நீங்கள் வந்த குளிர்காலம் எனக்கும் நினைவிருக்கிறது. ஒருவர் முதுகொடியப் பனியை வாரி, காருக்கு இடம் பண்ணி, நாற்காலி போட்டுவிட்டுப் போனால் அந்த இடம் அவருடையது என்பதைப் பாலைவனத்துக்குப் போனதும் நீங்கள் மறந்துபோய், எதிர்வீட்டு ஒலெக்கின் நாற்காலியை நகர்த்திவிட்டுக் காரை நிறுத்தினீர்கள். ராத்திரியோடு ராத்திரியாக யாரோ தண்ணீர் ஊற்றியதில் காலையில் கார் பனிக்கட்டிக்குள் சிக்கிய மீன் மாதிரி நின்றது. அம்மா தலைமுடி உலர்த்தும் கருவியோடு மத்தியானம்வரை போராடினாள். "உங்க தெருவுல கார் நிறுத்த இடம் கிடைக்கிற அன்னிக்கு வர்றேன்" என்று சொல்லிப் போனீர்கள். போன பிப்ரவரியில் அம்மாவை அடக்கம் செய்தபோதும் உங்கள் பூங்கொத்துதான் வந்தது. மறுபடியும், குற்றமாகச் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை காலையில் கிளம்பச் சொன்னால் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"விருந்தாளி எங்கே?"

"நீங்கதாம்ப்பா. அடுத்த வாரத்துலேர்ந்து நீங்க அரிசோனாக்காரர்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

கோபுர உச்சியில் கண்ணாடித் தரை போட்ட கூண்டு ஒன்று உண்டு. எல்லோரும் அதில் ஏறிக் கீச்சிட்டுப் படமெடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். அப்பா குப்புறப் படுத்துவிட்டார். காவலுக்கு நின்ற பையன், "சார், பின்னாடி வரிசை நிக்குது" என்கிறான். "இருப்பா, என் பஸ் போகுது" என்கிறார் இவர், எறும்பளவு தெரிந்த எதையோ காட்டி, "பாரு, பாரு, நிறுத்தத்துல நிக்காமப் போறான், பாவி!" அடுத்து ஆற்றுப் படகு. வழிகாட்டிப் பெண் ஒரு பாலத்தின் வரலாற்றைச் சொல்ல, அப்பா குறுக்கே புகுந்து வேறொரு வரலாற்றைச் சொல்ல, அவள் நிதானமாக, "ஐயா, நீங்க சொல்றது அடுத்த பாலம்" என்றாள்; படகே சிரித்தது. அந்த ஆத்திரத்தை, துறையில் ஹாட் டாக்மீது, நம் ஊர்க்காரர் யாரும் செய்யாதபடி, தக்காளி சாஸ் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு அப்பாவியிடம் தீர்த்துக்கொண்டார். "வெளியூரா? பாத்தாலே தெரியுது!" அந்த மனிதர் பயந்துபோய்ச் சாஸை வழித்துப் போட்டுவிட்டார். பார்க்கிற எல்லோரிடமும் "நான் இந்த ஊர்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார், அத்தை. கேட்காதவர்களிடமும் சொன்னார்.

ராட்டினத்தின் சீட்டுக் கொடுக்கும் பெண் கேட்டாள்: "எந்த ஊர் சார்?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மெல்ல, "அரிசோனா" என்றார்.

"வாங்க, வாங்க! எங்க ஊர் புடிச்சிருக்கா?"

"பரவால்ல. என் சம்சாரத்துக்குத்தான் ரொம்பப் புடிக்கும்."

பெட்டி மேலே போயிற்று. ஜன்னலோரத்தைக் காலியாக விட்டுவிட்டு என் பக்கம் நெருங்கி உட்கார்ந்துகொண்டார். உச்சியில் நின்றபோது ஏரி மட்டுந்தான் தெரிந்தது, அக்கரையே இல்லாமல்.

"ஐரீன் பயந்திருப்பா."

"இல்லப்பா, சிரிச்சிருப்பாங்க."

"ஆமா. சிரிச்சிருப்பா." கீழே இறங்கியதும் திரும்பி அண்ணாந்து பார்த்துவிட்டு, "பத்து நிமிஷ வேலை. இதுக்கு எதுக்கும்மா விருந்தாளி?" என்றார்.

ஆகவே, அத்தை, ஞாயிறன்று வருகிறோம். அவருடைய கட்டிலைத் தெரு தெரிகிற ஜன்னலோரம் போடுங்கள். அங்கே பஸ் எதுவும் போகாவிட்டாலும் பரவாயில்லை. கடவுள் உங்கள் முழங்கால்களுக்கும் எங்கள் எல்லோருக்கும் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாண்டா

பின்குறிப்பு: தபால்தலை தேடுகையில் ஜன்னல் வழியே பார்த்தேன். மே மாதத்தில், ஒரு துளிப் பனி இல்லாத தெருவில், எங்கள் சமையலறை நாற்காலிகள் இரண்டு நிற்கின்றன. ஒலெக் காரிலிருந்தபடியே, "காஸ், மூளை கலங்கிடுச்சா? பனி எங்கேய்யா?" என்று அப்பாவைப் பார்த்துக் கத்துகிறார். "பெர்னிஸ் கார் வருது. இடம் புடிச்சு வச்சிருக்கேன்" என்கிறார் அப்பா. ஒலெக் தலையைச் சொறிந்துவிட்டு, வேறு இடம் தேடிப் போய்விட்டார். வீடு வாங்குகிறவரிடம் காலையிலேயே போனில் விற்கமாட்டேன் என்று சொல்லியாயிற்றாம். ஞாயிறன்று நாங்கள் வரவில்லை, நீங்கள் வாருங்கள். கொஞ்சம் சீக்கிரம் வாருங்கள், அத்தை. அதில் ஒன்று அம்மாவின் நாற்காலி. மழை வரும்போல் இருக்கிறது.