அமிர்தாவுக்கு வந்த ஆஃபர்

விஜயதாஸின் எஸ்.டி.டி. பூத்துக்கு அன்று காலை வந்த முதல் அழைப்பே அமிர்தாவைக் கேட்டுத்தான். அவளோ ஊரில் இல்லை. அக்காள் ரேஷ்மியின் பிரசவத்துக்காக அம்மா சத்யபாமாவோடு பூவாருக்குப் போய் நான்கு நாளாகிறது. வீட்டில் அப்பா மோகனன் மட்டும் தனியாகக் கஞ்சி வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

பனச்சமூடு சந்திப்பில் ஃபோன் இல்லாத வீடுகளுக்கெல்லாம் அந்த பூத்தின் எண்தான். யாருக்கு அழைப்பு வந்தாலும் விஜயதாஸ் ஓடிப்போய்க் கூட்டிவருவார். ஆள் இல்லையென்றால் சேதியை வாங்கி வைப்பார். வாங்கி வைப்பதோடு நிறுத்தத்தான் அவருக்குத் தெரியாது.

கொச்சியிலிருந்து பேசிய பெண், தங்களுடையது பேர்ல்நெட் என்ற இன்டர்நெட் கம்பெனி என்றாள். சொந்தமாக பிரவுசரே வைத்திருக்கிறார்களாம். அமிர்தாவுக்கு ஓர் ஆஃபர் இருக்கிறது என்று மலையாளத்தில் சொன்னாள்.

விஜயதாஸ் முக்காலியை விட்டு எழுந்துவிட்டார். அமிர்தா பாறசாலையில் சுந்தரதாஸ் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுப்பவள். பிரவுசர் என்றால் என்னவென்று விஜயதாஸுக்குத் தெரியாது. ஆனால் அமெரிக்காவில் பெரிய பெரிய கம்பெனிகள் அதற்காக மல்லுக்கு நிற்பதையும், ஒருவரிடம் இருக்கும் கெட்டிக்காரர்களை இன்னொருவர் இழுத்துக்கொண்டு போவதையும் பேப்பரில் படித்திருந்தார். அந்தச் சண்டை இப்போது பனச்சமூட்டுக்கே வந்துவிட்டது.

விவரம் கேட்டார். முதல் மாதம் ட்ரையல், நூறு மணி நேரம், பிடித்தால் தொடரலாம், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம் என்றாள் அவள். மாதத்துக்கு நூறு மணி நேர வேலை. சர்க்கார் ஆபீசில்கூட இவ்வளவு சுகம் கிடையாது.

அதோடு சரி என்று சொல்லி வைத்திருக்கலாம். நம் பிள்ளையைக் குறைவாக நினைத்துவிடக் கூடாதே என்று, வேறொரு கம்பெனியும் அவளைக் கேட்டுக்கொண்டிருப்பதாக ஒரு பொய்யைச் சேர்த்தார். அந்தப் பெண் மேனேஜரிடம் கேட்டுவிட்டு வந்து, நூற்றைம்பது மணி நேரமாக்கிவிட்டதாகச் சந்தோஷமாகச் சொன்னாள்.

பூத்தின் பின்பக்கம் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி விமலகுமாரி, மெஷினை நிறுத்தினாள்.

"ஒங்க வாய வச்சு அந்தப் பிள்ளைக்கு அம்பது மணிக்கூறு வேல கூடியாச்சு."

செய்த தப்பைச் சரிசெய்ய விஜயதாஸ் உடனே கொச்சிக்குத் திரும்ப அழைத்தார். பிள்ளை மெலிந்த உடம்புக்காரி, நேரத்தைக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள் என்று கெஞ்சினார். குறைக்கச் சொல்லும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அந்தப் பெண் சிரித்தாள். கேலி செய்து பேரம் பேசுகிறார் என்று நினைத்தாளோ என்னவோ, இருநூறாக்கி வைத்துவிட்டாள்.

மறுநாள் அவர் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது. திருவனந்தபுரத்திலிருந்து ஒயிட்வேவ் என்ற இன்னொரு கம்பெனி அமிர்தாவைக் கேட்டது. இதில் பேசியவன் ஓர் ஆண். பேர்ல்நெட்காரர்கள் இருநூறு மணி நேரம் என்கிறார்கள், உங்களால் எவ்வளவு குறைக்க முடியும் என்று விஜயதாஸ் ஜாக்கிரதையாகவே ஆரம்பித்தார். பேர்ல்நெட் என்ற பெயரைக் கேட்டதும் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. தங்கள் கம்பெனியில் ராத்திரி பதினொன்று முதல் காலை ஆறு வரை கணக்கே கிடையாது என்றான்.

விமலகுமாரி ரிசீவரைப் பிடுங்கினாள்.

"கல்யாணம் ஆவாத பிள்ள ஆக்கும். பதினோரு மணிக்கு அவ ஒறங்கணும். நீங்க வேற ஆளப் பாருங்க."

அவன் பதறிப்போனான். அந்தப் பிள்ளைதான் உட்கார வேண்டும் என்றில்லை, வீட்டில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், குடும்பத்தில் ஐந்து பேருக்கு ஐ.டி. தருகிறோம் என்றான். ஐ.டி. என்றால் கழுத்தில் தொங்கும் அட்டை என்பது விஜயதாஸுக்குத் தெரியும். பெரிய ஆபீசர்கள் மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறார்.

ஐந்து பேருக்கு வேலை என்று கேட்டதும் மோகனனுக்குக் கஞ்சி இறங்கவில்லை. வெள்ளறடைக்குப் போய் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்தார். தான் கணக்கெழுதிய, மரம் விற்கும் தடிக்கடையில், ஒன்றாம் தேதி முதல் வரமாட்டேன் என்று முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தார். ராத்திரி டியூட்டியைத் தானே பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அவர் குடும்பத்தில் நான்கு பேர்தான். ஐந்தாவது இடத்தில் விஜயதாஸ் தன் பெயரை எழுதினார். என் பெயரை ஏன் எழுதவில்லை என்று விமலகுமாரி அன்று மத்தியானம் மீன் பொரிக்கவில்லை.

சேதி பாறசாலைக்கு எட்டியதும் சுந்தரதாஸ் ஸ்கூட்டரில் பறந்து வந்தார். சென்டரில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் அமிர்தா. அவருக்கு அதை ஆன் செய்ய மட்டும்தான் தெரியும். அவளை பிரின்சிபாலாக்கிவிட்டதாகவும், தனி அறை கொடுத்துவிட்டதாகவும் சொல்லி அறைச் சாவியை மேசைமேல் வைத்தார்.

"அண்ணே, அவ போனா எனக்க சென்டரப் பூட்டணும் ஆக்கும்."

"அங்க அஞ்சு பேருக்கு வேல உண்டு," என்றார் விஜயதாஸ். "நீரு ஒரு சாவியக் கொண்டு வந்திருக்கீரு."

சுந்தரதாஸ் சாவியைத் திரும்ப எடுக்காமலே போய்விட்டார்.

பேக்கேஜை நேரில் கொண்டுவந்து தருகிறோம் என்று இரண்டு கம்பெனியும் சனிக்கிழமையையே சொன்னது. பிள்ளையை உடனே வரச்சொல்லும்படி பஸ் கண்டக்டர் ஒருவரிடம் விஜயதாஸ் பூவாருக்குச் சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை காலை டை கட்டிய இரண்டு பேர் இரண்டு பைக்கில் வந்து பூத்தின் முன்னால் இறங்கினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததும் இருவருக்கும் முகம் சுருங்கியது. டீயும் பழம்பொரியும் எடுத்தபடியே, மற்றவனுடைய பிரவுசரில் பக்கம் திறப்பதற்குள் விடிந்துவிடும் என்று விஜயதாஸின் காதில் தனித்தனியாக ஓதினார்கள். மோகனன் புதுச் சட்டைப் பையில் படங்களோடு விறைப்பாக நின்றார்.

பஸ்ஸிலிருந்து அமிர்தாவும் சத்யபாமாவும் இறங்கினார்கள். என்ன ஏதென்று கேட்பதற்குள் அமிர்தாவின் இரண்டு கையிலும் இரண்டு கவர் வந்துவிட்டது. கையெழுத்து வாங்கிக்கொண்டு, யார் முதலில் கிளம்புவது என்று போட்டிபோட்டுப் பைக்குகள் பறந்தன.

அவள் பிரித்தாள். ஒவ்வொன்றிலும் பளபளவென்று வட்டமாக ஒரு தகடு. கடிதம் எதுவும் இல்லை. மோகனன் கவர்களைக் கவிழ்த்து உதறிப் பார்த்தார்.

விஜயதாஸ் அவர் தோளில் தட்டினார். "பேப்பர்ல உத்தரவு தந்த காலம் போச்சு, மக்கா. எல்லாம் இதுக்க உள்ள உண்டு."

அமிர்தா வாய் திறக்கும் முன்பே சத்யபாமா இரண்டு தகடுகளையும் வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சம் மோகனனின் கண்ணில் அடித்தது. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன உத்தரவு? ஓசியில இன்டர்நெட் பாருங்கன்னு அனுப்புத சிடி ஆக்கும் இது. மோளுக்க பேரப் போட்டு ரெண்டு கம்பெனிக்கும் கூப்பன் வெட்டி அனுப்பினது நான். பயறு பந்தல்ல கிளி எறங்காம கெட்டித் தூக்க இதப்போல மினுங்குத சாதனம் வேற எங்க கிட்டும்?"