கொன்னோ-சான் பேசினார்

இறந்தவர்கள் பேசுவதற்கு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அதன்பிறகு அதே கூடத்தில் நடன வகுப்பு. ஆகவே ஆவிகள் நேரம் தவறாமல் வந்துவிட்டுப் போயாக வேண்டும். வந்தன. போயின.

ஒசாகாவின் நிப்போன்பாஷிக்குப் பின்னால், கூரை போட்ட கடைத்தெருவில், கூடத்து மாடிப்படியில் தொடங்கிய வரிசை மருந்துக்கடை வாசலைத் தாண்டி நின்றது. ரெய்மெய் ஆசான் செத்தவர்களின் குரலைக் கேட்க வைக்கிறாராம். பல் டாக்டர் வந்திருந்தார். வங்கி மேலாளர் வந்திருந்தார். பணத்தை எண்ணும்போது இரண்டு தடவை சரிபார்ப்பவர், இங்கே ஒரு தடவைகூடச் சரிபார்க்கவில்லை. நாயைப் பறிகொடுத்த ஒரு பெண்மணியும் வந்திருந்தாள். போன வாரம் நாயும் பேசியதாம். எல்லாவற்றையும் மன்னித்துவிட்டதாம்.

ரிட்சு அங்கே வந்தது கினுயோ அக்காவுக்காக.

கினுயோவுக்கு அறுபத்தெட்டு வயது. 'அக்கா' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். மின்னணு உதிரிபாகக் கடை வைத்திருந்தாள். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். எதில் என்ன சுவிட்சு, எதில் என்ன ரெசிஸ்டர் என்பது அவள் விரலுக்கே தெரியும். முப்பத்துநாலு வயது ரிட்சு அந்தக் கடையின் பின்னறையில் சிந்தசைசர் செய்பவள். ஒலி எழுப்பும் சின்னப் பெட்டிகள். ஒன்றை இன்னொன்றோடு ஒயரால் கோத்துக்கொள்ளலாம். ஒலி பிடிக்கவில்லையென்றால் பிரித்து, ஒரு பாகத்தை மாற்றிப் பற்றவைத்து, மறுபடி முயலலாம். நாள் முழுக்க அந்த அறையிலிருந்து பூனைச் சண்டை போலவும் கப்பல் சங்கு போலவும் சத்தம் வரும். கினுயோ ஒருநாளும் திட்டியதில்லை.

கினுயோவுக்குக் கண்ணில் அழுத்தம். பக்கவாட்டில் நிற்பவர் தெரிவதில்லை. "தள்ளிப்போட்டா, போன பார்வை திரும்பாது" என்று டாக்டர் சொல்லி, அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார். இரண்டு நாளுக்கு முன்னால் கினுயோ, "ஆபரேஷன் வேண்டாம்" என்றாள்.

"ஏன்க்கா?"

"வீட்டுக்காரர் வேண்டாங்கறார்."

வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷம்.

கூடத்தில் ஆசான், மெத்தை போட்ட தாழ்வான ஆசனத்தில், பாதத்தை மூடிய வெள்ளை அங்கியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஊதாப் பட்டு போர்த்திய ஒரு பெட்டி. அதைச் சுற்றிக் கோயில் கயிறு. பட்டுக்கு வெளியே இரண்டு பித்தளைத் தகடுகள் மட்டும் தெரிந்தன. கினுயோவின் உள்ளங்கைகளில் ஆசான் புனித நீர் தெளித்தார். அவள் கைகளைத் தகடுகளில் வைத்தாள்.

"ஊ..." என்றது பெட்டி.

"வந்துட்டார்" என்றார் ஆசான். "'கினுயோ, என் கண்ணே' என்கிறார்."

கினுயோவுக்கு அழுகை வந்தது. கை வியர்த்தது. ஒலி மேலே ஏறி 'ஆஆ' என்று விம்மியது. கூட்டமும் விம்மியது.

"கண்ணுல கத்தி வைக்கட்டுமாங்க?" என்று போன வாரம் கேட்டதையே மறுபடி கேட்டாள்.

ஒலி சட்டென்று கீழே இறங்கியது.

"வேண்டாம் என்கிறார். நம்முடைய காப்பு ஒன்றை அணிந்தால் போதும் என்கிறார்."

செத்தவர்களுக்குக் காப்பு விற்பனையில் இவ்வளவு அக்கறை இருப்பது பொதுவாக யாருக்கும் தெரிவதில்லை.

ரிட்சு வேறொன்றைக் கவனித்தாள். ஒலி உச்சிக்குப் போனபோது லேசாக ஒரு கரகரப்பு. அந்தக் கரகரப்போடு அவள் மூன்று வாரம் மல்லுக்கட்டியிருக்கிறாள். கண்டன்சரை இரண்டு முறை மாற்றியும் போகவில்லை. கினுயோவின் கணவர் மேலுலகம் போய் வாங்கிக்கொண்ட குறை அல்ல அது. ரிட்சு செய்த பெட்டியின் குறை.

ஆசானை உற்றுப் பார்த்தாள். மீசையை எடுத்துவிட்டால் தொபாஷி! வசந்தகாலத்தில் கடைக்கு வந்து, "நான் இசைக் கலைஞன்" என்று சொல்லி அந்தப் பெட்டியை வாங்கிப் போனவன். இரண்டு தகடுகளையும் தொட்டால் உடம்பு வழியே துளி மின்சாரம் ஓடும். கை ஈரமாக ஈரமாக ஒலி உயரும். அவ்வளவுதான் அதன் மர்மம். ஒரு மாதம் கழித்து மறுபடி வந்து, "மேடையில ரெண்டு கையும் வேலையா இருக்கும்ங்க. காலால அமுக்கினா சுருதி இறங்கற மாதிரி ஒரு மிதி வெச்சுத் தாங்க" என்றான். நல்ல யோசனை என்று பாராட்டி, ரிட்சுவே மின்சுற்றை மாற்றி மிதியைப் பொருத்திக் கொடுத்தாள்.

அந்த மிதிதான் இப்போது கினுயோவின் கண்ணை மிதித்துக்கொண்டிருந்தது.

படியிறங்கும்போதே போட்டு உடைத்தாள். "அக்கா, அது நான் செஞ்ச பெட்டி. நம்ம பின்னறையில, உங்க கடைச் சாமான்ல செஞ்சது. 'வேண்டாம்'னு சொல்றது அவன் காலால அமுக்கற மிதி."

கினுயோ நின்றாள். ரிட்சுவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீயா செஞ்சே? அப்போ அவர்தாண்டி உன் கையில புகுந்து செஞ்சிருக்கார்!"

"யாரும் புகலை! எண்ணூறு யென் சிப்புதான் புகுந்துச்சு!"

பின்னால் வந்த பல் டாக்டர் காதில் இது விழுந்தது. "பெட்டியைச் செஞ்ச அம்மா இவங்கதானாம்!" ஒரு நிமிஷத்தில் படிக்கட்டு முழுக்க ரிட்சுவைக் குனிந்து வணங்கியது. நாயைப் பறிகொடுத்தவள் தன் கைக்குட்டையைத் தொட்டுத் தரச் சொன்னாள். உண்மையைச் சொன்ன பலன் இது. வாய்ப்பேச்சு இவர்களிடம் எடுபடாது என்று ரிட்சுவுக்குப் புரிந்தது.

மறு ஞாயிறு காலை, ஈரம் கசிந்த ஒரு துணி மூட்டையோடு வந்து ஆசான் முன்னால் உட்கார்ந்தாள். தொபாஷி அவளை அடையாளம் கண்டு ஒரு கணம் வெளிறினான். ஆனால் கூட்டம் அவளைக் கும்பிடுவதைப் பார்த்ததும் தெம்பு வந்துவிட்டது. கும்பிடு வாங்குகிறவள் குட்டை உடைப்பாளா என்ன!

"எனக்காக வரலைங்க ஆசானே. இந்த மூட்டைக்காரருக்காக. பேரு கொன்னோ-சான்." மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்துச் சொன்னாள்.

"நினைவுப் பொருளா?"

"அவரோடது எல்லாமே இதுலதான் இருக்கு."

கூட்டம் உச்சுக் கொட்டியது. ரிட்சு மூட்டையை இரண்டு தகடுகளின் மேலும் படும்படி வைத்தாள். ஆசான் புனித நீரைத் தாராளமாகத் தெளித்தார். அது வெறும் உப்புத் தண்ணீர், மின்சாரத்துக்கு ராஜபாட்டை.

"ஊ... ஆஆ..."

"கொன்னோ-சான் வந்துவிட்டார்!"

"கடைசிக் காலத்துல எங்க இருந்தார்னு கேளுங்க, ஆசானே."

ஆசான் கண்ணை மூடினார். "குளிரான... இருட்டான ஓர் இடம்."

"அப்படியே!" என்றாள் ரிட்சு. "இப்போ அவருக்கு என்ன செய்யுதாம்?"

"வேதனை. நெஞ்சில் வேதனை. பெற்ற மகளைப் பார்க்க ஏங்குகிறார்."

நாலைந்து பேர் மூக்கைச் சிந்தினார்கள். ரிட்சு மூட்டையை அவிழ்த்தாள்.

உள்ளே கொன்னியாக்கு. கீழே கடையில் வாங்கியது. கிழங்கு மாவில் செய்து, குழம்பில் போடுகிற, சாம்பல் நிற வழுவழுக் கட்டி. பெட்டியின் மேல் கிடந்து 'ஆஆ' என்று அழுதுகொண்டிருந்தது.

"குளிரான இருட்டான இடம் சரிதாங்க" என்றாள் ரிட்சு. "ஃபிரிட்ஜ்லதான் இருந்தார். அந்த மக யாருன்னுதான் தெரியலை."

வங்கி மேலாளர்தான் முதலில் சிரித்தார். சிரிப்பு பின்வரிசைவரை ஓடியது. ஆனால் முன்வரிசையில் பல் டாக்டர் எழுந்து, "ஆவி எதுல வேணா இறங்கலாமே! கொன்னியாக்குல இறங்கக் கூடாதுன்னு இருக்கா?" என்றார்.

"ஆமாம்! ஆமாம்!" என்று ஆசான் பிடித்துக்கொண்டார்.

ரிட்சு கொன்னியாக்கைப் பார்த்தாள். இதற்குமேல் எதைக் காட்டுவது? கினுயோ பக்கம் திரும்பினாள். கினுயோ சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. எழுந்து வந்து பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டாள்.

"ஆசானே, ஒரு தயவு. காலைத் தூக்கி மெத்தை மேல வெச்சுக்கிட்டு, அவரைக் கூப்பிடுங்க. என் கண்ணைப் பத்திக் கேளுங்க."

"காலுக்கும் இதற்கும் என்னம்மா..."

"ஒண்ணுமில்லைல்ல? அப்போ தூக்குங்க."

ஆசான் தூக்கவில்லை. கினுயோ காத்திருக்கவும் இல்லை. பட்டுக்கு அடியில் கையை விட்டாள். கண் உதவாத இடத்தில் விரல் நடந்தது. ஒயரைப் பிடித்தது, அதன் வழியே போனது, அங்கிக்குள் நுழைந்தது, நின்றது.

"இது நம்ம கடைச் சுவிட்சு" என்றாள். "நாலாவது வரிசை, கடைசி இழுப்பறை."

இழுத்தாள். ஆசான் காலோடு சேர்ந்து மிதியும் வெளியே வந்தது. கினுயோ அதைத் தரையில் வைத்து அழுத்தினாள். கொன்னியாக்கு 'வேண்டாம்' என்றது. விட்டாள். 'ஆமாம்' என்றது. அழுத்தினாள். 'வேண்டாம்' என்றது.

"என் புருஷன் உயிரோட இருந்தப்போகூட இவ்வளவு சொன்னபடி கேட்டதில்லை" என்றாள்.

காப்பு வாங்கியவர்கள் தொபாஷியைச் சூழ்ந்துகொண்டார்கள். நடன வகுப்புக்காரர்கள் கதவைத் தட்டும்வரை விடவில்லை. அதற்குள் ஒருவர் போலீசுக்குச் சொல்லியிருந்தார்.

வெளியே வந்ததும் கினுயோ ரிட்சுவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு முதல் நாளே உறுத்துச்சுடி. 'என் கண்ணே'ன்னாராமே? நாப்பது வருஷம் 'ஏய்'னுதான் கூப்பிட்டார்."

"அப்புறம் ஏன்க்கா நம்பினீங்க?"

"'கண்ணே' நல்லா இருந்துச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதோட, எனக்குக் கத்தின்னா பயம். பயந்தாங்கொள்ளிக்கு அவர் பேரு வசதியா இருந்துச்சு."

வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது. மிச்சமிருந்த பார்வை பிழைத்தது. போனது திரும்பவில்லை, அதைத் திருப்பித் தருவதாக அந்த டாக்டர் பொய் சொல்லவும் இல்லை.

அடுத்த ஞாயிறு, கண்கட்டோடு கினுயோ ரிட்சுவின் கையைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவில் நடந்தாள். கூடத்து வாசலில் யாருமில்லை. ஆனால் கீழே கொன்னியாக்குக் கடையில் மருந்துக்கடைவரை வரிசை! 'ஆவி இறங்கிய கொன்னியாக்கு' என்று புதிதாய் ஒரு பலகை. வரிசையின் முதலில் பல் டாக்டர், இரண்டு கட்டி வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கிட்டுப் போய் என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டாள் கினுயோ.

"வீட்டுல புத்தர் மாடத்துல வைக்கலாம்னு..."

"நல்லா வேகவெச்சுச் சாப்பிடுங்க டாக்டர்" என்றாள். "ரெண்டு மாசமா மேல ஒண்ணு சும்மாவே இருக்கு. அதையும் கொஞ்சம் வேலை வாங்குங்க."

பல் டாக்டர் அண்ணாந்து கூடத்து மாடியைப் பார்த்தார்.

கினுயோ தன் நெற்றிப்பொட்டில் விரலால் தட்டிக் காட்டினாள்.