வலது காது ஒன்பது மணி, இடது காது ஒன்பதரை

"கட்டக்" என்று ஒரு சத்தம். அதோடு மெஷின் நின்றுவிட்டது.

ரேணுகா டீ டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். கள்ளிக்குப்பத்தில் அவள் நடத்தும் பேனர் கடைக்கு அந்த ஒரு மெஷின்தான் சோறு போடுகிறது. வினைல் ஷீட்டின் ஓரம் வெயிலுக்குச் சுருண்டு மேலே எழும்பியிருந்தது. மை தெளித்துக்கொண்டே இப்படியும் அப்படியும் ஓடுகிற ஹெட், வந்த வேகத்தில் அதில் போய் முட்டியிருந்தது. அச்சாகியிருந்த பாதிப் பேனரில், விஜய்யின் மூக்குக்குக் குறுக்கே கரேலென்று ஒரு கோடு.

வேறு யார் மூக்காக இருந்தாலும் சமாளித்துவிடலாம். இது தாய்மாமன் மூக்கு.

மறுநாள் மகளுக்குக் காது குத்தப்போகும் பானுப்பிரியா, முந்தின நாளே கையில் ஸ்கேலோடு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"அக்கா, எங்க ரெண்டு அண்ணனுங்க மொகமும் ஒரே சைஸ்ல இருக்கணும். ஒரு நூல் கொறஞ்சாலும் கொறஞ்ச ஆளு வரமாட்டாரு."

"அப்படி இன்னா சண்டை பானு?"

"கோயில் நோட்டீஸ்ல யாரு பேரு மொதல்ல வர்றதுன்னு. ஆறு வருஷமா ஒருத்தருக்கொருத்தர் பேச்சே இல்ல. அதான், வலது காது ஒம்போது மணிக்குப் பெரியண்ணன் மடியில. அவரு கெளம்புனப்பறம் இடது காது ஒம்போதரைக்குச் சின்னண்ணன் மடியில."

"நடுவுல கொழந்த அழுறதுக்கு டைம் வுட்டியா இல்லியா?"

பானுப்பிரியா சிரிக்கத்தான் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "ரெண்டு பேரையும் ஒண்ணா ஒக்காரவெச்சுப் பாத்துட்டா போதும்க்கா" என்றாள். ரேணுகாவுக்கு மனசு கேட்கவில்லை. "பேனரு ஏம் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

வாக்குக் கொடுத்தவள் இப்போது மெக்கானிக் ஸ்ரீகாந்துக்குப் போன் போட்டாள்.

"வந்துகினே கீறேன்க்கா, நசரத்பேட்டை தாண்டிட்டேன். அதுவரைக்கும் ஹெட்டத் தொடைச்சு வைங்க."

துடைத்தாள். மறுபடி ஓட்டினாள். சிவப்பு மட்டும் வரவில்லை. மாமன்கள் இருவரும் கொத்தமல்லித் துவையல் நிறத்தில் பல்லைக் காட்டினார்கள்.

"காஞ்ச மை அடைச்சுகினு இருக்கும்க்கா. ரெண்டு சொட்டு லிக்விட் வுட்டு ஊற வைங்க. நானு நசரத்பேட்டை தாண்டிகினே கீறேன்."

"காலையிலயே தாண்டிட்டியே நைனா!"

"அது போற வழிக்கா. இது வர்ற வழி."

ஊற வைத்தாள். சிவப்பு வந்துவிட்டது. வந்த சந்தோஷத்தில் ரேணுகா சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சுத்தம் செய்வதென்று இறங்கிவிட்டால் அவள் அரைகுறையாக விடுகிற ரகம் இல்லை. ஹெட்டுக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு நீளப் பட்டை ஓடும். அதிலுள்ள பொடிக் கோடுகளைப் படித்துத்தான், தான் எங்கே நிற்கிறோம் என்று ஹெட்டுக்குத் தெரியும். மை படிந்த அதே துணியால் அந்தப் பட்டையையும் ஒரு இழு இழுத்தாள். பட்டனைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

திரும்பி வந்து பார்த்தவளுக்குத் தலை சுற்றியது. மூக்கு வரைக்கும் எல்லாம் சரி. அதற்குக் கீழே ஹெட் இடம் தெரியாமல் போய், மிச்சப் படத்தை ஒரு முக அகலத்துக்கு இடப்பக்கம் தள்ளி அடித்திருந்தது. பெரியவர் கன்னியப்பனின் மூக்குக்குக் கீழே தம்பி விஜய்யின் வாய். விஜய்யின் மூக்குக்குக் கீழே வெறும் வெள்ளை. கன்னியப்பன் ஆசையாக வளர்த்த மீசை ஷீட்டுக்கு வெளியே போயே போய்விட்டது.

"கருமம்" என்று அதைச் சுருட்டி வாசலோரம் சாத்தினாள்.

"பட்டையத் தொட்டீங்களா?" போனிலேயே கத்தினான் ஸ்ரீகாந்த். "ஸ்பிரிட்டு, புதுத் துணி, பூ மாதிரி தொடைங்க."

மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தாள். இந்த முறை பக்கத்திலேயே நின்றாள். ஒவ்வொரு அங்குலமாக மாமன்கள் வந்தார்கள்: கண், மூக்கு, மீசை, வாய், எல்லாம் அவரவர் இடத்தில். ஸ்கேல் வைத்து அளந்தாள். ஒரு நூல் பிசகவில்லை. யார் உதவிக்கும் காத்திராமல் தன் கையாலேயே மெஷினைச் சரிசெய்துவிட்டோம் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். அங்கே சாத்தியிருந்த ரோலைக் காணோம்.

பேனர் கட்டுகிற அஜித்குமாருக்குப் போன் போட்டாள்.

"ரோலு வாசல்ல ரெடியா இருந்துச்சு, எடுத்தாந்துட்டேன்க்கா. பாரிவாக்கம் மண்டபத்துல கட்டியாச்சு."

"ஐயோ, அத்த மொதல்ல அவுருடா!"

"மாமனுங்க பாத்துட்டாங்கக்கா. செம காண்டுல அங்கதான் வந்துகினு கீறாங்க."

ரேணுகா ஷட்டரை இறக்கிவிட்டு ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டிவந்த விஜய் முதலில் குதித்தான். பின்னால் உட்கார்ந்திருந்த கன்னியப்பன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"இன்னாமே பேனரு இது? எங்கண்ணன் மீசை எங்க?" என்றான் விஜய்.

"மீசை கெடக்குது. ஏந்தம்பிக்கு வாய் எங்க? கண்ணு ரெண்டும் அந்தரத்துல தொங்குது!" என்றார் கன்னியப்பன்.

"எங்கண்ணன நாலு பேரு பாத்தா இன்னா நெனப்பான்?"

"நீ இருடா, நான் கேக்குறேன்."

"நீ கத்தாத அண்ணாத்தே, ஒனக்கு பிரஷரு கீது."

ரேணுகா நல்ல பேனரை எடுத்து நீட்டப்போன நேரத்தில் போன் அடித்தது. பானுப்பிரியா.

"பானு, பெரிய தப்பு நடந்துபோச்சும்மா, மன்னிச்சுக்கோ. நல்லது ரெடியா கீது. இதோ, ஒங்க அண்ணனுங்க கையிலயே குடுத்துடறேன்."

எதிர்முனையில் பானுப்பிரியா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"ஐயோ குடுத்துடாதீங்கக்கா, மண்டபத்துல விரிச்சப்பவே பாத்துட்டேன், அந்தப் பேனரையே கட்டச் சொன்னது நான்தான், இன்னும் ஒரு பத்து நிமிசம் ஒண்ணா நின்னு திட்டுனாங்கன்னா, நாளைக்கு ரெண்டு காதையும் ஒம்போது மணிக்கே குத்திடலாம்."