ஸ்பேனர் நைனா தேடியதும் கிடைத்ததும்

சென்னையில் ஸ்பேனர் நைனாவை விட அதிகமாக டூல்ஸ் வைத்திருந்தவர் கிடையாது. அவரை விட அதிகமாகத் தொலைத்தவரும் கிடையாது. ராயப்பேட்டை மணிக்கூண்டுக்குக் கீழே நின்று சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன்.

ராயப்பேட்டையில் நான் குடியிருந்த ஆறு வீட்டு அபார்ட்மெண்டில் அவருக்குக் கீழ்த்தளம். ஒரு அச்சகத்தில் மெஷின்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோரையும் 'நைனா' என்று கூப்பிடுவார். அதனால் அவரையே எல்லோரும் நைனா ஆக்கிவிட்டோம். கார் கிடையாது, கார் ஷெட் உண்டு. உள்ளே பாதி கழற்றிய வாஷிங் மெஷின், சிறகில்லாத ஃபேன்கள், ஆணியும் நட்டும் நிறைந்த பெயிண்ட் டப்பாக்கள். நடுவில், ஒருவர் ஒருக்களித்து நிற்கலாம்.

"இவ்வளவு சாமான்ல ஒண்ணு தொலைஞ்சா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.

"தொலையறதா? அல்லாம் இங்கதான் கீது நைனா. எங்க கீதுன்றதுதான் தெரியல."

பிறகு குரலைத் தாழ்த்தி ரகசியத்தைச் சொன்னார். "வேணுங்கறத மட்டும் தேடவே கூடாது. சுத்தியல் வேணும்னா அரத்தைத் தேடு. சுத்தியல் தானா வரும்."

"அரம் வேணும்னா?"

வெகுநேரம் யோசித்தார். "அத்த இன்னும் ட்ரை பண்ணல."

வீட்டுக்குப் போய் நானும் செய்து பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைக் காணோம், குடையைத் தேடினேன். குடை கிடைத்துவிட்டது.

அவர் மனைவி சரோஜா அக்கா ஒரு முறை சீர்திருத்தத்தில் இறங்கினார். சுவரில் பெரிய பலகை அடித்து, ஆணிகளில் ஒவ்வொரு டூலாக மாட்டி, அதைச் சுற்றி நீல மார்க்கரில் கோடு போட்டார். எடுத்தால் அதே இடத்தில் வைக்கவேண்டும் என்று உத்தரவு. மூன்றாம் நாள் பலகையில் கோடுகள் மட்டும் இருந்தன, கொலை நடந்த இடத்தில் போலீஸ் வரைந்த மாதிரி. நைனா அதன் முன்னால் நின்று ரசித்துக்கொண்டிருந்தார். "பாத்தியா, கட்டிங் பிளேயரை இன்னா அழகா வரைஞ்சிகீறா!"

அடுத்து, நைனா ரவா இட்லி சைஸில் ஒரு காந்தம் வாங்கினார். கயிறு கட்டித் தரையில் இழுத்தால் காணாமல் போன இரும்பெல்லாம் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளுமாம். இரண்டாம் நாள் காந்தத்தைக் காணோம். நாலு நாள் தேடினார். ஐந்தாம் நாள், அடையாறில் என் ஆபீஸ் பக்கத்து மெக்கானிக் என் ஸ்கூட்டருக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், வண்டிக்குத் தாயத்து கட்டிகீறீங்க?" என்றார். காந்தம், கயிறு, கொத்தாக ஆணிகள், நைனாவின் சின்ன ஸ்பேனர் ஒன்று. எல்லாம், ஷெட் வாசலில் நான் நிறுத்தும் வண்டியில் ஒட்டிக்கொண்டு, தினமும் என்னோடு ஆபீஸ் போய் வந்திருக்கின்றன.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்கு வருத்தம் தந்த விஷயமும் ஒன்று உண்டு. மூன்றாவது மாடியில் மும்தாஜ் டீச்சர் தனியாக இருந்தார். பூட்டில் சிக்குகிறது என்று, பச்சை ரிப்பன் கட்டிய தன் வீட்டு மாற்றுச் சாவியை அரத்தால் ராவித் தரும்படி நைனாவிடம் கொடுத்திருந்தார். திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றார் நைனா. வரவே இல்லை என்றார் டீச்சர். இரண்டு மாதமாகப் பேச்சு இல்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் டீச்சர் மொபைலைப் பார்ப்பார். நைனா உத்தரத்தைப் பார்ப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்றாம் மாடி பாத்ரூம் ஜன்னலிலிருந்து அலறல். "யாராவது வாங்க! தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சு! அடுப்புல குக்கர் இருக்கு!"

ஓடினோம். வாசல் கதவோ, சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் ரகம். உள்ளே குக்கர் விசிலடித்தது.

"மூணு விசில்ல நிறுத்தணும்!" என்றது டீச்சரின் குரல். "இது நாலாவது!"

"லாக்கைக் கழட்டணும். பெரிய ஸ்க்ரூடிரைவர் வோணும்" என்று நைனா ஷெட்டுக்குப் பாய்ந்தார். பின்னாலேயே நானும் சரோஜா அக்காவும். அக்காவின் மூக்குக் கண்ணாடி கிடைத்தது. டிவி ரிமோட் கிடைத்தது. மேலே ஐந்தாவது விசில். நான் வாஷிங் மெஷினுக்குள் கைவிட்டேன், பெரிய ஸ்க்ரூடிரைவர்! வெற்றியோடு திரும்பினால், நைனா ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தார். உள்ளங்கையில் ஒரு சாவி. பச்சை ரிப்பன் கட்டியது.

என் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பூட்டைக் கழற்றப் போயிருந்தால் வெளியில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

ஆறாவது விசில்.

"கழட்டிக்கினு இருந்தா லேட்டாயிடும், வா" என்று சாவியோடு ஓடினார். எழுபது வயதுக்காரர் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான். கதவு திறந்தது. அடுப்பை அணைத்தார். நேரே பாத்ரூம் கதவு முன்னால் போய் நின்றார்.

"டீச்சர், சாவி என்னாண்டதான் இருந்திச்சு. நான்தான் தொலைச்சுட்டு உங்க மேல பழி போட்டேன். மன்னிச்சுக்கங்க."

உள்ளேயிருந்து டீச்சர் கதவைத் தட்டினார்.

"அதை வெளியில வந்து கேட்டுக்கறேன். முதல்ல கதவைத் திறங்க!"

நைனா என் பக்கம் கையை நீட்டினார். "ஸ்க்ரூடிரைவர் குடு."

வந்த அவசரத்தில் அதை ஷெட்டில் எங்கேயோ வைத்துவிட்டேன். எங்கே என்று சத்தியமாகத் தெரியவில்லை.

நைனா முகத்தில் அன்று கண்ட சந்தோஷத்தை நான் மறக்கமாட்டேன். "நீயுமா நைனா!"

கடைசியில் டீச்சரின் தோசைத் திருப்பியைக் கதவிடுக்கில் விட்டு நெம்பித்தான் தாழ்ப்பாள் விலகியது. டீச்சர் வெளியே வந்தார். நைனா தலையைக் குனிந்துகொண்டார். டீச்சர் குக்கரைத் திறந்து பார்த்தார்.

"சோறு கஞ்சியாயிடுச்சு. உங்களால வந்தது, நீங்களும் உக்காந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார். நாலு பேரும் ஊறுகாய் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.

போன வருஷம் நான் அடையாறுக்கே குடிமாறிவிட்டேன். மாதம் ஒரு முறையாவது, ஸ்க்ரூடிரைவர் வேண்டும் என்று ராயப்பேட்டை போய் நிற்கிறேன். அவர் தேட ஆரம்பிப்பார். நான் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். அரை நாள் போய்விடும். என் வீட்டிலேயே புது ஸ்க்ரூடிரைவர் செட் ஒன்று இருக்கிறது என்பதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.