மச்சான் வாசலில் நிற்கும் பச்சைப் புள்ளி

கும்மிடிப்பூண்டி,
ஞாயிறு மதியம்.

மரியாதைக்குரிய மச்சான் ஸ்டீபன் அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் இம்மானுவேல் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நான் இங்கே சுகம். ஹெலன் திருநின்றவூரில் உங்கள் வீட்டில் சுகமாக இருப்பதை என் போனில் உள்ள மேப் மூலம் அறிந்து மகிழ்கிறேன்.

"அவ இங்க இல்ல"ன்னு சொல்லி போனைக் கட் பண்ணீங்க, அதான் கடிதம். மச்சான், யாருகிட்ட வேணா மறைங்க, எங்கிட்ட முடியாது. கம்பிக் கம்பெனி லாரியெல்லாம் எங்க போவுதுன்னு பாக்குறதே என் உத்தியோகம். வானத்துல கீற சாட்டிலைட்டுலேர்ந்து வர்ற கணக்கு கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும், அப்படியே வெச்சா மேப்புல லாரி ஏரியில மெதக்கும். அதனால எங்க சாப்ட்வேர் வண்டியைப் புடிச்சு பக்கத்துல இருக்கிற ரோட்டு மேல உக்கார வெச்சுடும். இன்ன ரோடு, ஆரம்பத்துலேர்ந்து இத்தினி தூரம், அவ்ளோதான் எழுதி வெச்சுக்கும். இன்னா மூளை பாருங்க!

போன மாசம் டிரைவர் ஹனீப்பு பாலத்து நடுவுல வண்டியை நிறுத்திட்டான்னு காட்டுச்சு. "உயிர் மேல ஆசை இல்லையா?"ன்னு போன்ல கத்தினேன். "சார், நான் பாலத்துக்குக் கீழ நாஷ்டா துன்னுகினு கீறேன்"ன்றான். பாலத்துக்கு மேல ஒரு ரோடு, கீழ ஒரு ரோடுன்னு கட்டினது கவர்மெண்டு, அதுக்கு மேப்பு இன்னா பண்ணும்?

லாரியில மாட்டுற அதே ஜிபிஎஸ் டப்பாவைத்தான் ஹெலன் ஸ்கூட்டர்ல மாட்டினேன், பாதுகாப்புக்கு. புதன்கிழமை பாட்டுப் பிராக்டீசுக்குப் போனவ, ஒயின்ஷாப் ரோட்டுல ரெண்டு மணி நேரமா நிக்கிறதா காட்டுச்சு. நேரா சர்ச்சுக்குப் போனேன். பாட்டுக்காரங்க எல்லாரும் நிக்கிறாங்க, பாஸ்டரும் நிக்கிறாரு, "ஒயின்ஷாப்ல இன்னா வேலை உனுக்கு?"ன்னு கேட்டுட்டேன். வண்டி சர்ச் காம்பவுண்டுலதான் இருந்துச்சு. காம்பவுண்டுக்குள்ள ரோடு இல்ல, பின்பக்கம் ஒயின்ஷாப் ரோடு கிட்ட, மேப்பு அங்க இட்டுகினு போயிடுச்சு. தப்பு மேப்பு மேல இல்ல மச்சான், உள்ள ரோடு போடாத சர்ச்சுக்காரங்க மேல. இதை அங்கியே விளக்கிச் சொன்னேன். சாயங்காலம் ஊட்டுக்கு வந்து பாத்தா ஆளும் இல்ல, வண்டியும் இல்ல.

நான் பயப்படல. மேப்பைத் திறந்தேன், பச்சைப் புள்ளி உங்க தெருவுல. இந்தத் தடவை தப்பாகாது, உங்க தெருவைச் சுத்தி வேற ரோடே இல்ல.

ஆனா ஊடு ஊடாவே இல்ல மச்சான். பழக்கத்துல ரெண்டு டம்ளர் டீ போட்டு, ரெண்டையும் நானே குடிச்சிகினு கீறேன். மன்னிப்புக் கேக்கணும்னு இருக்கு, எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான் தெர்ல. தயவுசெய்து அவளை அனுப்பி வைக்கவும்.

வீட்டில் அனைவருக்கும் என் ஸ்தோத்திரம். உங்கள் மகள் ஸ்நேகாவுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
இம்மானுவேல்.

பின்குறிப்பு: அண்ணா, இது ஹெலன் எழுதுறேன். இவரு கவர் வாங்க கடைக்குப் போயிருக்காரு. உங்க ஊட்டு வாசல்ல நிக்கிறது வண்டி மட்டுந்தான், காலேஜுக்குப் போக ஸ்நேகா கேட்டான்னு புதன்கிழமையே இங்க வந்தவகிட்ட குடுத்தனுப்பிட்டேன். நான் எங்கயும் போவல, மாடி ஊட்டு கன்னியம்மா அக்கா கூடத்தான் இருந்தேன். படிக்கட்டுல நாலு தடவை என்னைத் தாண்டிப் போனாரு, போனைப் பாத்துகினே. பேர் சொல்லி ஒரு தடவை கூப்ட்டிருந்தா அன்னிக்கே எறங்கி வந்திருப்பேன். இப்பதான் எறங்கி வந்து இதைப் படிச்சேன். டீக்குத் தண்ணி வெச்சிருக்கேன், ரெண்டு டம்ளருக்கு.