வெல்லக் கொப்பரையில் வெந்த சங்கத்துப் பால்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்களாகத் தயங்கியிருக்கிறேன். பேனாவை எடுத்ததுமே என் மனைவி வள்ளி அடுப்படியிலிருந்து, "இன்னா, கொப்பரைக் கதையா?" என்று சிரிப்பாள். மூடி வைத்துவிடுவேன். இன்னொரு காரணமும் உண்டு. அது இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த காலம். உயிரை விட்டவர்களும் உண்டு. அந்த நேரத்தில் நான் அடித்த கூத்தை எழுதுவது சரியா என்று மனசு உறுத்தியது. ஆனால் ஒரு மனிதர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்லாமல் கண்ணை மூடினால் முருகன் என்னை ஏன்டா என்று கேட்பான். அதனால் எழுதுகிறேன். (பத்தாவதோடு நின்றவன் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

வடக்கனந்தலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் பால் சங்கத்தில் பால் அளக்கும் வேலை எனக்கு. தற்காலிக வேலைதான். ஆனாலும் பாலில் மீட்டரைப் போட்டுப் பார்த்து, "ம்ம்... தண்ணி ஜாஸ்தி" என்று நான் சொல்கிற தோரணையைப் பார்த்தால் டாக்டர் நாடி பார்ப்பதுபோல இருக்கும். பாலைப் பற்றி எனக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை என்று நினைப்பு.

சங்கத்துச் செகரட்டரி ஏழுமலை அண்ணன். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் புதிதாகப் பால் எடுக்க முடியுமா என்று பேசப் புறப்பட்டவர், சாவியை என் கையில் வைத்தார்.

"நீ பாத்துக்க முருகேசா."

"எதுனா பிரச்சினைன்னா இன்னா பண்றதுண்ணா?"

"அதான் நீ பாத்துக்கன்னு சொல்லிட்டேனே."

அவ்வளவுதான். அதற்கு முன் என்னை நம்பி யாரும் எதையும் கொடுத்ததில்லை. (வீட்டில் கடைக்கு அனுப்பினால்கூட இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொல்வார்கள்.) சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு தூங்கினேன்.

மறுநாள் காலை உறுப்பினர்கள் எல்லாரும் பால் ஊற்றிவிட்டார்கள். கேன்கள் நிறைந்துவிட்டன. பால் வண்டி வரவில்லை. கள்ளக்குறிச்சி ரோட்டில் மறியலுக்காகப் புளியமரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், ஈ காக்கை போக முடியாது என்று சைக்கிளில் வந்தவர் சொன்னார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அத்தனை வீட்டு உழைப்பும் என் எதிரில் கேனுக்குள் புளிக்கக் காத்திருந்தது. கூடவே என் வேலையும்.

எருமைப்பாலும் பசும்பாலும் ஒன்றாகக் கலந்தாகிவிட்டது; அவரவர் பாலை அவரவருக்கே திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. அப்போது எங்கள் உறுப்பினர் குப்பம்மாக்கா ஒரு நல்ல யோசனை சொன்னார்.

"வூட்டுக்குக் கொஞ்சம் திருப்பிக் குடுத்துடு தம்பி. ஒற ஊத்திக்கிறோம். மோராவது மிஞ்சும்."

எவ்வளவு எளிதான யோசனை! அதனால்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணன் நம்பி விட்டுப் போயிருக்கிறார். அவர் திரும்பி வந்து மலைத்துப் போகிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டாமா? ஒரு முறை சேலத்தில் பால்கோவா தின்றிருந்தேன். அந்த ருசி அந்த நேரம் பார்த்து நாக்கில் வந்து உட்கார்ந்தது.

"மொத்தப் பாலையும் கோவா பண்ணிடலாம்!" என்றேன்.

"நீ பண்ணியிருக்கியா?"

"தின்னிருக்கேன்."

சங்கத்துக்குப் பின்னால் லூர்து அண்ணனின் கரும்பு ஆலை. அங்கே வெல்லம் காய்ச்சுகிற பெரிய கொப்பரை இருந்தது. அவர் மாதா பெயரைச் சொல்லிக் கொப்பரையைக் கொடுத்தார். நான் முருகன் பெயரைச் சொல்லிப் பாலை ஊற்றினேன். காய்ந்த கரும்புச் சக்கையைப் போட்டுத் தீ மூட்டினோம். பால் பொங்கியது. என் நெஞ்சும் பொங்கியது. சர்க்கரைக்கு எங்கே போவது? லூர்து அண்ணன் ஆலையில்தான் வெல்லம் இருக்கிறதே! ஒரு கூடை உடைத்துக்கொண்டு வந்தேன்.

குப்பம்மாக்கா அலறினார்: "அய்யய்யோ! அடுப்பு மேல போடாத சாமி! எறக்கிட்டுப் போடு!"

"யக்கா, இது ஆபீஸ் விஷயம். நீங்க தள்ளி நில்லுங்க."

போட்டேன்.

பொங்கல் பண்டிகைக்கு ஒரு தடவையாவது அடுப்படிக்குள் போயிருந்தால் தெரிந்திருக்கும். கொதிக்கிற பாலில் வெல்லம் விழுந்ததும் மொத்தமும் திரிந்தது. வெள்ளைக் கட்டி ஒரு பக்கம், பழுப்புத் தண்ணீர் ஒரு பக்கம். பால் ஊற்ற வந்த பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்குப் பதில் நாலு அடி வாங்கியிருக்கலாம்.

"முருகா, இது மட்டும் சரியாகட்டும், மொட்டை போடுறேன்" என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டேன்.

"பாலு திரிஞ்சதுக்குத் தல இன்னா பண்ணுச்சு?" என்றார் குப்பம்மாக்கா. சேலையை இழுத்துச் செருகி, என் கையிலிருந்த துடுப்பைப் பிடுங்கினார். "திரிஞ்சா இன்னா, கெட்டா போச்சு? தண்ணி சுண்டுற வரைக்கும் கிண்டுங்கடி. நீ தீய மட்டும் பாத்துக்க. அதையாச்சும் ஒழுங்கா பண்ணு."

அவர்கள் முறை வைத்துக்கொண்டு கிண்டினார்கள். நான் தீயைப் பார்த்துக்கொண்டேன். அளவுக்கு மேலேயே பார்த்துக்கொண்டேன். அடி பிடித்துவிட்டது. சாயங்காலம் இறக்கியபோது செம்மண் நிறத்தில், மணல் மணலாக, ஒரு கருகல் வாசனையோடு ஏதோ ஒன்று கிடைத்தது. லூர்து அண்ணன் கிள்ளி வாயில் போட்டார். ரொம்ப நேரம் மென்றார்.

"தின்னலாம்" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டை நான் இன்றுவரை வாங்கியதில்லை.

ஊற்றிய வீடுகளுக்கெல்லாம் பங்கு கொடுத்தோம். மீதியை வாழையிலையில் பொதிந்து ரோட்டுக்குக் கொண்டுபோனோம். நின்றுபோன பஸ்ஸில் குழந்தைகளோடு தவித்தவர்கள், வெட்டிய மரத்தின்மேல் உட்கார்ந்திருந்த பையன்கள், எதிரே லத்தியோடு நின்ற போலீஸ்காரர்கள், எல்லாருக்கும் பசி. ஒரு போலீஸ்காரர் கேட்டார்: "இன்னாய்யா இது, தீஞ்ச வாட அடிக்குது?" மரத்தின்மேல் இருந்த பையன் சொன்னான்: "சும்மா துன்னுங்க சார், எங்களுக்கும் அதே வாடதான்." கொஞ்ச நேரத்துக்கு ரெண்டு பக்கமும் மெல்லுகிற சத்தம் மட்டும்தான்.

மறுநாள் சங்கத்தில் கூட்டம் போட்டுவிட்டார்கள். வீட்டுப் பங்கைத் தின்ற வாயோடே தலைவர் கேட்டார்: "யாரக் கேட்டு அடுப்புல வெச்ச? வண்டி வரலன்னா வுட்டுடணும். கெட்டா கெட்டுது. யாரும் உன்ன ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாங்களே! இனிமே இவன் வாணாம்."

அவர் சொன்னது உண்மைதான். ஒன்றும் செய்யாமல் கேனுக்குக் காவல் காத்திருந்தால் என் வேலைக்கு ஒரு ஆபத்தும் வந்திருக்காது.

அப்போது ஏழுமலை அண்ணன் உள்ளே வந்தார். ரோடு அடைபட்டதால் மலையிலிருந்து நடந்தே வந்திருந்தார். வேட்டி முழுக்கப் புழுதி. எல்லாவற்றையும் கேட்டார். அவருக்கென்று எடுத்து வைத்திருந்த உருண்டையைத் தின்றார். முகம் ஒரு மாதிரி ஆனது.

"சாவி குடுத்தது நானு," என்றார். "அவன் செஞ்சது நான் செஞ்சதுதான். அனுப்புறதுன்னா ரெண்டு பேரையும் அனுப்புங்க."

யாரும் அனுப்பவில்லை. வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டார். "யோசன பண்ணதுக்குத் திட்ட மாட்டேன். ஆனா குப்பம்மா பேச்சக் கேக்காததுக்குத் திட்டுவேன்" என்று சொல்லி, அதையும் வஞ்சனையில்லாமல் செய்தார்.

மொட்டை போட்டேன், வேண்டுதல் வேண்டுதல்தானே. பிறகு வேலை நிரந்தரமாகி, அதே சங்கத்தில் செகரட்டரியாகவே ஓய்வு பெற்றேன். யார் கையிலாவது சாவி கொடுத்தால், "நீ பாத்துக்க" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அதற்குமேல் பேச வாய் வரும். அண்ணனை நினைத்து அடக்கிக்கொள்வேன். அவர் இப்போது இல்லை. பூஜையில் கற்பூரம் காட்டும்போது முருகனுக்கு அடுத்து அவர் முகம்தான் வரும்.

வீட்டில் நான் எந்தப் புது யோசனை சொன்னாலும், அது பேத்தியின் கல்யாணமாக இருந்தாலும் சரி, குழாய் ரிப்பேராக இருந்தாலும் சரி, எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் கேட்பார்கள்: "எறக்கிட்டியா?"

ஊரில் இந்தக் கதை இப்போது வளர்ந்துவிட்டது. நான் கொப்பரைக்குள் விழுந்தேன் என்கிறார்கள். போலீஸ்காரர் மயங்கி விழுந்தார் என்கிறார்கள். இரண்டும் பொய். படித்தவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள்; ஏழுமலை அண்ணன் பேர் போகிற இடமெல்லாம் போகட்டும். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ருசிக்கென்று நடுவில் யாரும் வெல்லம் போட்டுவிடாதீர்கள். அதன் பலனை நான் கண்ணால் பார்த்தவன்.