பொறுப்பான ஆள் தேவை

"அப்பா, அந்தச் சொல்லையே எழுதினனீங்கள்?"

"ஓம். பொறுப்பான ஆள் எண்டு நீதானே அர்த்தம் சொன்னனீ. அனுப்பியும் போட்டன்."

யதுஷா தலையில் கை வைத்தாள். ஹீட்டரைப் போடச் சொன்னால் சுவெட்டரைக் காட்டுகிற மனிதர் குகதாசன். போன கிழமை அவள் தோழியிடம், "எங்கட அப்பா ஒரு கர்மட்ஜன்" என்று போனில் சொன்னதை அவர் கேட்டுவிட்டார். சிடுமூஞ்சியும் கஞ்சனுமான ஆளைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் அது. அகப்பட்ட பதற்றத்தில் அர்த்தத்தை மாற்றிச் சொல்லிவிட்டாள். நுணலும் தன் வாயால் கெடும். இவள் அப்பாவையும் சேர்த்துக் கெடுத்துவிட்டாள்.

பாடன் நகரில் ஓர் அடுக்குமாடிக்குப் பராமரிப்பாளர் தேவை, பொறுப்பானவராக இருக்க வேண்டும் என்று விளம்பரம் வந்திருந்தது. பதினெட்டு வருடம் உணவகத்தில் கோப்பை கழுவி முழங்கால் தேய்ந்தவருக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. ஜெர்மன் விண்ணப்பத்தில் ஓர் ஆங்கிலச் சொல் எடுப்பாக இருக்கும் என்று, 'உங்கள் குணம்' என்ற இடத்தில் அதை எழுதிவிட்டார்.

யதுஷா ரகசியமாக நிர்வாகி திருமதி கெல்லருக்குப் போன் எடுத்தாள்.

"அது எழுத்துப் பிழை. அப்பா நல்ல கலகலப்பான ஆள்."

"அப்பிடியோ?" கெல்லரின் குரல் இறங்கியது. "சரி, நேரிலை பாப்பம்."

ரயிலில் அப்பாவுக்குச் சிரிக்கப் பழக்கினாள்.

"இன்னும் கொஞ்சம் பல்லைக் காட்டுங்கோ."

"பல்லு வலியெண்டு நினைக்கப் போயினம், பிள்ளை."

வாசலில் கெல்லரைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு மூன்று படிவரை தாங்கியது. பட்டப்பகலில் எரிந்த விளக்கைச் சட்டென்று அணைத்தார். கீழே சலவை அறையில், துணி உலர்த்தும் மெஷினில் யாரோ தூசியை எடுக்காமல் விட்டிருந்தார்கள்.

"இண்டைக்கு ஆரின்ரை சலவை முறை? அந்தாளைக் கூப்பிடுங்கோ!" என்று ஜெர்மனில் ஒரு சத்தம் போட்டார். இரண்டாம் மாடிக்காரர் செருப்போடு ஓடிவந்து, மறுபேச்சில்லாமல் துடைத்துவிட்டுப் போனார்.

வேலை போய்விட்டது என்று யதுஷாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மன்னியுங்கோ. அது எழுத்துப் பிழையில்லை. நான்தான் வீட்டிலை அப்பாவை அப்பிடிச் சொன்னனான். சிடுமூஞ்சி, கஞ்சன் எண்டுதான் அதுக்கு அர்த்தம். பொறுப்பானவர் எண்டு அவரை ஏமாத்திப்போட்டன்."

"என்னது, சிடுமூஞ்சியோ?" குகதாசன் அவள் பக்கம் திரும்பினார்.

கெல்லர் நிம்மதியாக மூச்சு விட்டு, சாவிக்கொத்தை அவர் கையில் வைத்தார்.

"அந்தச் சொல்லை விளம்பரத்திலை போட எங்களுக்கும் வெக்கமாத்தான் இருந்தது, பிள்ளை. அதாலைதான் 'பொறுப்பானவர்' எண்டு போட்டனாங்கள்."